பீரோ சாவியும் ரிமோட்டும்

வாசகர் கேள்வி – பதில்

காவிரிக் கடைமடையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாகவும் நூலகப் பொறுப்பாசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பள்ளி நூலகம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காணொளிகளைப் பற்றியும் இணையக் கருவிகளைப் பற்றியும் கேட்பவை.

எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் டிவியை நூலக அறையில் மாட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நூலகப் பாடவேளை என்றாலே பிள்ளைகள் "டிவி போடுங்கள்" என்கிறார்கள். புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. "சத்தம் இல்லாமல் இருக்கிறார்களே, விடுங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. டிவியை வேறு அறைக்கு மாற்றச் சொல்லலாமா?
– பொறுப்பாசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

மாற்றச் சொல்லாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். உங்கள் அறையில் புத்தக பீரோ திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

பல பள்ளிகளில் அது பூட்டித்தான் இருக்கிறது. ஒரு புத்தகம் காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். நானும் பல ஆண்டுகள் அந்தப் பயத்தில்தான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். ஒரு பக்கம் பூட்டிய இரும்புக் கதவு, மறுபக்கம் ஒளியும் ஒலியுமாக ஒரு திரை. பிள்ளை எந்தப் பக்கம் போகும்? திறந்திருக்கும் பக்கம்தானே? டிவி வந்ததால் புத்தகம் தோற்கவில்லை, தங்கையே. புத்தகம் போட்டிக்கே வரவில்லை.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆடி மாதம். காற்றில் பனையிலிருந்து விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். மறுநாள் அவர்கள் வகுப்புக்கு நூலகப் பாடவேளை. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அந்தக் குருவியைப் பற்றிய காணொளிகள் ஏழெட்டைப் பார்த்தேன். அவற்றில் ஆறு நிமிடம் ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கூடு கட்டுவது ஆண் குருவி என்பதையும், பாதி கட்டியவுடன் பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும் என்பதையும், உள்ளே களிமண்ணை அங்கங்கே பூசுவதையும் அது அழகாகக் காட்டியது.

வகுப்பில், பெண் குருவி வந்து உட்காரும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். "இந்தக் கூட்டை ஏற்குமா, ஏற்காதா?" அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கிளை பலமாக இருக்கிறது என்றார்கள் சிலர். பின்னல் தளர்வாக இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். பிறகு மீதியை ஓடவிட்டு டிவியை அணைத்தேன். மேசை மேல் பறவைகள் பற்றிய புத்தகங்களை முன்பே விரித்து வைத்திருந்தேன். அவற்றோடு குறுந்தொகை, 374ஆம் பாடல் இருக்கும் பக்கம் திறந்தபடி. காதல் விவகாரத்தில் ஊரே குழம்பி நின்றதற்கு, நீண்ட கரிய பனையில் தூக்கணங்குருவி பின்னிய கூட்டின் சிக்கலை உவமையாகச் சொல்லும் பாட்டு அது. கூட்டைக் கொண்டுவந்த பையன் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டான்: "டீச்சர், பெண்ணைன்னா பனையா?" பனையை அவன் அன்றாடம் பார்க்கிறான். அதற்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தான். அந்தப் பாடவேளை முடிந்து மணி அடித்தபோது ஒன்பது புத்தகங்கள் வீட்டுக்குப் போயிருந்தன.

ஆறு நிமிடக் காணொளிக்காக நான் முந்தின இரவு ஒன்றரை மணி நேரம் செலவிட்டேன். நூலகரின் வேலை அதுதான். நாற்பது நிமிடப் பாடவேளையில் திரைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது, அணைத்த பிறகு எந்தப் புத்தகம் மேசைமேல் இருக்க வேண்டும் என்ற மூன்றும் முடிவாகாமல் திரையைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஒருமுறை எட்டாம் வகுப்புக்கு எரிமலை பற்றிய காணொளி போட்டேன். அது முடிந்த நொடியில் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிட்டது. சாலை விபத்துக் காட்சி. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பத்து நொடி போயிற்று. இரண்டு மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்த பெண் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். அன்று முதல் தானாக அடுத்ததுக்குத் தாவும் அமைப்பை அணைக்காமல் நான் எதையும் ஓடவிட்டதில்லை. கடைசி நொடி வரை நானே பார்க்காத எதையும் பிள்ளைகளுக்குக் காட்டியதும் இல்லை.

ஆக, ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும், பீரோ சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வாரம் இருவர் வீதம் அவர்களே நூலகத்தைத் திறக்கட்டும், பதிவேட்டில் அவர்களே எழுதட்டும். நான் அப்படிச் செய்த முதல் ஆண்டில் நான்கு புத்தகங்கள் தொலைந்தன. தலைமையாசிரியரிடம் நேரே போய்ச் சொன்னேன்: "நான்கு தொலைந்தன; அறுநூறு முறை புத்தகம் வெளியே போய் வந்திருக்கிறது." அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உங்கள் தலைமையாசிரியரையும் ஒரு நாள் அந்தப் பாடவேளைக்கு அழைத்து உட்கார வையுங்கள்.

ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் நல்ல நல்ல காணொளி இணைப்புகளை அனுப்புகிறார்கள். தேவைப்படும்போது தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. காணொளிகளை நூலகத்தில் எப்படிப் பட்டியலிடுவது?
– நூலகர், தனியார் பள்ளி, கோவை

புத்தகத்துக்கு என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள். ஒரு நல்ல காணொளிக்கும் வரிசை எண் கொடுங்கள், பகுப்பு எண் கொடுங்கள். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூயி முறையில் பறவைகளுக்கு 598, கோள்கள் விண்மீன்களுக்கு 523. தலைப்பு, உருவாக்கியவர், மொழி, ஓடும் நேரம், எந்த வகுப்புக்கு, நீங்கள் முழுதும் பார்த்த தேதி ஆகியவற்றோடு கடைசியாக ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: இதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய புத்தகம். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாத காணொளியை நான் பதிவேட்டில் ஏற்றியதே இல்லை. சாதாரணக் கோடு போட்ட நோட்டே போதும். உங்கள் பள்ளியில் கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருள் இருந்தால், நூல் விவரத்தைக் கணினியில் பதியும் மார்க் பதிவின் 856ஆம் புலம் இணைய முகவரிக்கென்றே உள்ளது, அதில் இடுங்கள்.

அடுத்து கியூ.ஆர். குறியீடு. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே பிள்ளைகள் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அச்சிட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டலாம். 598 அலமாரியின் விளிம்பில் ஓர் அட்டையாகவும் நிறுத்தலாம். ஆனால் எச்சரிக்கை: இலவசமாகக் குறியீடு செய்து தரும் தளங்கள் சில, காணொளியின் முகவரியைப் பதிக்காமல் தங்கள் சொந்த முகவரியைப் பதித்து அதன் வழியாகத் திருப்பிவிடுகின்றன. சில மாதம் கழித்துப் பணம் கேட்கும். கட்டாவிட்டால் குறியீடு செத்துவிடும். நாற்பது புத்தகங்களில் ஒட்டிய பிறகு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவள் நான். மாறாத வகைக் குறியீடாகக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் வருடிப் பார்த்து, முகவரி நேராகக் காணொளிக்குப் போகிறதா என்று சரிபார்த்த பின்பே ஒட்டுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் வாரத்தில் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நீக்கப்பட்டவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நாற்பது நிமிடக் காணொளியில் உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டாம் நிமிடத்தில் வரும் மூன்று நிமிடம் என்றால், இணைப்பைப் பகிரும்போதே தொடங்கும் நேரத்தையும் குறித்துவிடலாம். யூடியூபில் 'பகிர்' என்பதை அழுத்தினால் அதற்கான கட்டம் கீழேயே இருக்கிறது. பதிவேட்டிலும் '12 முதல் 15 வரை' என்று எழுதுங்கள்.

எங்கள் மலைப் பள்ளியில் இணையம் வருவதே அபூர்வம். மழை பெய்தால் அதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாக் கனிதானா?
– இடைநிலை ஆசிரியர், ஜவ்வாது மலை

அப்படி நினைக்காதீர்கள், ஐயா. இணையத்தில் இருப்பதைச் சுமந்து மலைமேல் கொண்டுவர வழிகள் உண்டு.

முதலாவது, இணையம் இல்லாமலே விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள். 2003இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டிருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பென் டிரைவில் அடங்கும். கீழே நகரத்துக்கு வரும்போது நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இறக்கி மேலே கொண்டுபோங்கள். பழைய மடிக்கணினி ஒன்று போதும். பிள்ளைகள் தேடலாம், படிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை புதிய கோப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் இதை ஏற்றிவிட்டால், இணையமே இல்லாமல் அறைக்குள் வைஃபை தரும். நான்கைந்து கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் திறக்கலாம்.

இரண்டாவது, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளம். அதில் தமிழ்க் கதைகள் ஏராளம். திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கலாம், அச்சிடலாம், பிள்ளைகளைக்கொண்டு அவர்கள் பேச்சுவழக்குக்கு மாற்றி எழுதவும் செய்யலாம். உங்கள் மலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி வசதியைத்தான் நான் முதலில் கொடுப்பேன். திக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியிலும் பாடப்பொருளைச் சேமித்து வைத்து இணையம் இன்றிப் பார்க்க முடியும்.

யூடியூப் காணொளிகளை வேறு மென்பொருள் வைத்து இறக்குவதை அவர்களுடைய விதிமுறை அனுமதிக்கவில்லை. பலரும் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் முன் நிற்கிற நாம் அதைச் செய்ய வேண்டாம். மாறாக, காணொளியை உருவாக்கியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தோல்பாவைக் கூத்து பற்றிப் படம் எடுத்த ஒருவருக்குப் பள்ளி முத்திரையுடன் நான் கடிதம் எழுதினேன். பத்தே நாளில் படத்தைப் பென் டிரைவில் போட்டுத் தபாலில் அனுப்பியதோடு, பிள்ளைகளுக்கு இரண்டு பக்கக் கடிதமும் எழுதியிருந்தார். படத்தைவிட அந்தக் கடிதத்தைத்தான் அவர்கள் அதிகம் படித்தார்கள்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. வாசிப்பு இயக்கம் என்று சொல்லி, பிள்ளைகள் கதை வாசிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார்கள். பெயர், வகுப்போடு யூடியூபில் ஏற்றுகிறார்கள். அவளுக்கு ஆர்வம்தான். எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருச்சி

உங்கள் பயம் நியாயமானது. அதை யாரும் பழமைவாதம் என்று சொல்ல விடாதீர்கள்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பற்றிய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதலாக இருக்க வேண்டும் என்கிறது. முகம், பெயர், பள்ளி, வகுப்பு நான்கையும் சேர்த்துப் பொதுவெளியில் போட்டால், முன்பின் தெரியாத ஒருவனுக்கு உங்கள் மகள் மாலை நான்கரை மணிக்கு எந்தக் கதவு வழியாக வெளியே வருவாள் என்பதைச் சொல்லிக் கொடுத்ததாகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், திக்கித் திக்கி வாசித்த ஒரு பையனின் காணொளியை வகுப்புத் தோழர்கள் வெட்டிக் கேலிப் படமாக்கிப் பரப்பினார்கள். அவன் அந்த ஆண்டு முழுவதும் வாய்விட்டு வாசிக்கவே இல்லை. ஏற்றியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவனைப் பாராட்டத்தான் ஏற்றினார்.

மறுத்துவிட்டு வராதீர்கள், மாற்று வழி சொல்லுங்கள். குரலை மட்டும் பதியலாம். கதைப் பக்கத்தின் மேல் விரல் நகர்வதை மட்டும் படம் பிடிக்கலாம். எங்கள் பிள்ளைகள் கையில் காலுறைப் பொம்மை மாட்டிக்கொண்டு வாசித்தார்கள், முகமே தெரியாது. பதிவுகளைப் பள்ளிக் கணினியில் வைத்துப் பெற்றோர் கூட்டத்தில் போடலாம்.

பள்ளிக்கு இன்னொரு விஷயத்தையும் நினைவூட்டுங்கள். நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டுமே இருக்கும் பள்ளி நிகழ்ச்சியில் ஒரு படைப்பை வாசிக்கவும் நடிக்கவும் படம் காட்டவும் இடம் தருகிறது. அதே கதையை முழுவதுமாக வாசித்து உலகத்துக்கே ஏற்றுவது வேறு. உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் அவரைக் கேட்க வேண்டும். மறைந்து 60 ஆண்டுகள் கடந்தவர்களின் படைப்புகள் பொதுவுடைமை. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்கும் தடையில்லை. பாரதியாரின் எழுத்துகள் 1949இலேயே நாட்டுடைமை ஆனவை. வாசிக்க அதிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

என் பேத்திக்குப் பார்வை இல்லை. எட்டாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு படிக்கிறாள். நூலக வகுப்பில் படம் போட்டால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.
– ஓய்வு பெற்ற தபால்காரர், தென்காசி

ஐயா, 'சும்மா உட்கார்ந்திருக்கிறாள்' என்ற சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கென்றே அமைந்தது. பல இந்திய மொழிகளில் புத்தகங்கள் உண்டு. பேத்தியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். பள்ளிக் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் நிறுவச் சொல்லுங்கள். பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள் இருவர் உருவாக்கிய இலவச மென்பொருள் அது, தமிழையும் வாசிக்கும். குரல் முதலில் இயந்திரத்தனமாக இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பக்கத்தைப் படமாக எடுத்து வைத்திருக்கும் கோப்பைத் திரைவாசிப்பானால் படிக்க முடியாது. எழுத்தாகத் தட்டெழுதிய கோப்பே வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் அப்படித்தான் இருக்கிறது.

காணொளிக்கு ஒரு வழி. எங்கள் பள்ளியில் பார்வைக் குறை உள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். காட்சியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வகுப்புத் தோழி ஒருத்தியை அமர்த்தினேன். முதல் வாரம், "ஒரு ஆள் நடக்கிறார்" என்று மட்டும் சொன்னாள். கேட்டவள் விடவில்லை: "எப்படி நடக்கிறார்? செருப்பு போட்டிருக்கிறாரா? வயசானவரா?" மாதம் திரும்புவதற்குள் அந்த வகுப்பில் பதினைந்து பேர் சொல்லும் வாய்ப்புக்காகப் போட்டியிட்டார்கள். அவர்களுடைய கட்டுரை நோட்டுகளைத் திருத்தியபோது வித்தியாசம் தெரிந்தது. பேத்தியின் ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டுங்கள்.

நாவல்களின் கதைச் சுருக்கம் யூடியூபில் இருபது நிமிடத்தில் கிடைக்கிறது. கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் எழுதித் தருகிறது. இனி எதற்கு அம்மா 400 பக்கம் படிக்க வேண்டும்?
– பதினோராம் வகுப்பு மாணவன், விழுப்புரம்

தம்பி, நேராகக் கேட்டதற்கு நன்றி. கதைச் சுருக்கம் கேட்டால் ஒரு பெண் கிணற்றங்கரையில் நின்றாள் என்பது தெரியும். அவள் ஏன் நின்றாள் என்று சுருக்கம் சொன்னவர் தன் கருத்தைச் சொல்லிவிடுவார். 180ஆம் பக்கத்தில் நீயே அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உன்னிடமிருந்து போய்விடும். சுருக்கம் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. முதலில் ஐம்பது பக்கம் படி, பிறகு அந்தக் காணொளியைப் பார், பார்த்துவிட்டு அவர் எங்கே தவறாகச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதற்காக மீதியைப் படி. என் மாணவர்கள் இருவர் அப்படிப் படித்து மூன்று பக்கம் மறுப்பு எழுதினார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒன்று. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போனேன். ஒரு மாணவியின் கட்டுரையில் திருக்குறள் என்று ஓர் ஈரடி இருந்தது. நூல் பற்றிய குறள். படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் 1330 குறளில் அது இல்லை. கருவி புனைந்து கொடுத்திருக்கிறது, குழந்தை நம்பியிருக்கிறது. அதற்கு எண் கேட்டால் எண்ணையும் அது தயங்காமல் சொல்லும். குறள் என்று எது வந்தாலும் ஏழு சீர் இருக்கிறதா என்று முதலில் எண்ணு. பிறகு எந்த அதிகாரம், எத்தனையாவது குறள் என்று உன் பள்ளி நூலகத்து உரைநூலைத் திறந்து பார். அரை நிமிட வேலை.

எங்கள் பிள்ளைகள் பார்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். நூலகத்தை வைத்துக்கொண்டு அவர்களைச் செய்பவர்களாக மாற்ற ஏதேனும் வழி சொல்லுங்கள்.
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

உங்கள் மண்ணிலேயே பெரிய வழிகாட்டி இருக்கிறதே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அவற்றில் ஓலைச்சுவடிகளும் உண்டு. அந்த இழப்பை அறிந்த தலைமுறையினர் 2005இல் இணையத்தில் நூலகம் திட்டத்தைத் தொடங்கி ஈழத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் சிற்றூர்ச் சிறப்பு மலர்களையும் பக்கம் பக்கமாக மின்வருடி எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பாடசாலையின் பழைய ஆண்டு மலர்கள் அதில் இருக்கின்றனவா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், தங்கள் வீடுகளில் பரணில் கிடக்கும் மலரைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள்.

கைப்பேசியை அம்மம்மாவின் முன் வைத்து அரை மணி நேரம் பேசவிடச் சொல்லுங்கள். பனங்கிழங்கை ஒடியலாக்கி மாவிடித்த விதம், கிணற்றில் துலா மிதித்த காலம், பாடிய பாட்டு. குரல் மட்டும் போதும். பதிந்ததைப் பிள்ளையே கேட்டு எழுத வேண்டும், அதில்தான் உழைப்பும் பயனும். எழுதியதைக் கட்டி நூலகத்தில் ஒரு எண்ணிட்டு வையுங்கள். விரும்பும் மூத்த மாணவர்களைத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கச் சேர்த்துவிடலாம். ஒரு பக்கம் பார்க்கும் பிள்ளைக்குப் பத்துப் பிழையாவது கண்ணில் படும், அதோடு பழைய நூலின் ஒரு பக்கமும் மனதில் தங்கும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் நூலகத்துக்கு ரூ.5,000 தருகிறது. காணொளி காட்ட எதை முதலில் வாங்குவது?
– பட்டதாரி ஆசிரியர், திருவாரூர்

ஸ்பீக்கர். பலரும் திரையின் அளவையே பார்க்கிறார்கள். மின்விசிறி நான்கு சுழலும் அறையில், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் கேட்கும்போது, டிவியின் சொந்தக் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. சொல் கேட்காவிட்டால் பிள்ளைகள் வெறும் படத்தைத்தான் பார்ப்பார்கள். மீதிப் பணத்தில் அந்த மாதம் காட்டப்போகும் காணொளிகளோடு கொடுக்கப் புத்தகங்கள் வாங்குங்கள். ஸ்பீக்கரைக் கடையில் வைத்துக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நூலக அறைக்கே கொண்டுவரச் சொல்லி, மின்விசிறிகளை ஓடவிட்டு, கடைசி வரிசையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.